எந்த முனையிலிருந்து எண்ணுவது?

பெட்ரோலின் தரத்தைக் குறிக்கும் ஆக்டேன் எண்ணுக்கு அளவுகோலாக இருப்பது ஆக்டேன் என்று வேதியியலாளர்கள் அழைக்கும் திரவம் அன்று. அந்த அளவுகோலில் நூறு மதிப்பெண் பெற்ற சேர்மத்தின் முறையான பெயர் 2,2,4-டிரைமெத்தில்பென்டேன். எண்ணெய்த் தொழிலில் அதை ஐசோஆக்டேன் என்பார்கள். 1920களில் எஞ்சினுக்குள் எரிபொருள் உரிய நேரத்துக்கு முன்பே பற்றிக்கொண்டு 'டக் டக்' என்று இடிக்கும் சிக்கல் வாகன உற்பத்தியாளர்களைப் படாதபாடு படுத்தியது. அதை அளக்க அமெரிக்க வேதியியலாளர் கிரகாம் எட்கர் இரண்டு தூய திரவங்களைத் தேர்ந்தெடுத்தார். கிளையே இல்லாத ஹெப்டேன் மோசமாக இடிக்கும், அதற்குச் சுழி. ஐசோஆக்டேன் இடிப்பதே அரிது, அதற்கு நூறு. அந்தக் காலத்தில் தூய ஹெப்டேன் கிடைத்த இடம் கலிஃபோர்னியாவின் ஜெஃப்ரி பைன் மரப்பிசின். இன்று நம் ஊர் பங்கில் 91 ஆக்டேன் என்றால், சோதனை எஞ்சினில் அந்தப் பெட்ரோல் 91 பங்கு ஐசோஆக்டேனும் 9 பங்கு ஹெப்டேனும் கலந்த திரவத்தைப் போல நடந்துகொள்கிறது என்று பொருள்.

ஆக்டேன், ஐசோஆக்டேன் இரண்டிலும் எட்டுக் கார்பன், பதினெட்டு ஹைட்ரஜன். இம்மியும் வேறுபாடில்லாத சரக்கு. அடுக்கிய விதம் மட்டும் வேறு. ஆக்டேன் சுமார் 126 டிகிரியில் கொதிக்கிறது. ஐசோஆக்டேன் 99 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. எட்கரின் அளவுகோலில் நேர்ச்சங்கிலி ஆக்டேனை வைத்துப் பார்த்தால் அது சுழிக்கும் கீழே போய்விடும். நீண்ட நேர்ச்சங்கிலி வெப்பத்தில் ஆக்சிஜனோடு சேரும்போது, தன் உடலையே வளைத்து ஓரிடத்து ஹைட்ரஜனை இன்னோரிடம் பறித்துக்கொள்ள முடிகிறது. அதனால் தானே பற்றிக்கொள்ளும் தொடர்வினை எளிதில் கிளம்புகிறது. கிளைகள் நெருங்கி நிற்கும் மூலக்கூறில் இந்த வழி பெரும்பாலும் அடைபட்டிருக்கிறது. எனவே கிளை எங்கே இருக்கிறது, எத்தனை இருக்கிறது என்பதைப் பெயரிலேயே சொல்லியாக வேண்டும். ஐசோஆக்டேன் என்ற சொல் அதைச் சொல்வதில்லை. ஐசோ என்ற முன்னொட்டின் வழக்கமான பொருளை எடுத்துக்கொண்டால் அது 2-மெத்தில்ஹெப்டேனைத்தான் குறிக்க வேண்டும். அதுவோ வேறொரு சேர்மம்.

கிளை அல்கேன்களுக்குப் பெயரிடுவது நம் பதினோராம் வகுப்பில் விதிப் பட்டியலாக வந்து, தேர்வோடு போய்விடுகிறது. நீண்ட சங்கிலியைத் தேடு, எண்ணிடு, கிளைகளை அகரவரிசைப்படுத்து, கோடு போடு, காற்புள்ளி வை. இவற்றில் ஒன்றுகூட இயற்கை விதி இல்லை என்பதை மாணவருக்கு யாரும் அழுத்திச் சொல்வதில்லை. மூலக்கூறுக்கு முதல் கார்பன் கிடையாது, முதுகெலும்பு கிடையாது, வலமும் இடமும் கிடையாது. உலகெங்கும் ஒரே பொருளுக்கு ஒரே பெயரை எல்லோரும் வந்தடைய வேண்டும் என்பதற்காக மனிதர்கள் கூடிப் பேசிச் செய்துகொண்ட உடன்பாடுகள் இவை. உடன்பாடு என்று பார்த்தால்தான் ஒவ்வொரு விதியும் எந்தச் சிக்கலைத் தீர்க்க வந்தது, அதற்கு என்ன விலை கொடுத்தோம் என்பது புரியும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நிலைமை குழப்பமாக இருந்தது. இரண்டு கார்பன் கொண்ட ஈத்தேனையே, வெவ்வேறு வழிகளில் தயாரிக்கப்பட்ட காரணத்தால், 'டைமெத்தில்' என்றும் 'எத்தில் ஹைட்ரைடு' என்றும் இரு பொருள்களாகக் கருதினார்கள். மான்செஸ்டரில் பணியாற்றிய கார்ல் ஷோர்லெம்மர் 1864-இல் இரண்டும் ஒன்றே என்று காட்டினார். (மார்க்ஸுக்கும் எங்கெல்ஸுக்கும் நெருங்கிய நண்பர் அவர்.) இரண்டு கார்பனில் இரு வடிவம் இல்லை என்று உறுதியான அதே காலத்தில், நான்கு கார்பனில் இரு வடிவம் இருந்தே தீர வேண்டும் என்று ரஷ்யாவின் கசான் நகரில் அலெக்சாண்டர் பட்லெரோவ் வாதிட்டார். கார்பனுக்கு நான்கு பிணைப்பு என்றால், நான்கு கார்பன்களை வரிசையாகவும் கோக்கலாம், ஒன்றைச் சுற்றி மூன்றாகவும் கோக்கலாம். வாதிட்டதோடு நிற்காமல் இரண்டாவது வடிவத்தைத் தயாரித்தும் காட்டினார். அதுதான் ஐசோபியூட்டேன். இன்று நம் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியின் பின்புறம் ஆர்-600ஏ என்று எழுதியிருந்தால் உள்ளே ஓடுவது அந்த வாயுவேதான். 'ஏ' இல்லாத ஆர்-600 நேர்ச்சங்கிலிப் பியூட்டேன்.

நான்கு கார்பனுக்கு இரண்டு, ஐந்துக்கு மூன்று. சாதாரண, ஐசோ, நியோ என்று மூன்று முன்னொட்டுகளை வைத்து ஐந்து கார்பன்வரை ஒப்பேற்றிவிடலாம். ஆறு கார்பனில் ஐந்து மாற்றியங்கள், முன்னொட்டு தீர்ந்துபோகிறது. ஏழில் ஒன்பது, எட்டில் பதினெட்டு, பத்தில் எழுபத்தைந்து. புதிதாக ஒன்றைக் கண்டுபிடிக்கும்போதெல்லாம் புதுச் சொல் படைத்துக்கொண்டிருக்க முடியாது.

1892 ஏப்ரலில் ஒன்பது ஐரோப்பிய நாடுகளைச் சேர்ந்த 34 வேதியியலாளர்கள் ஜெனீவாவில் கூடினார்கள். பிரான்சின் சார்ல் ஃப்ரீடல் தலைமை வகித்தார். பேயர், எமில் ஃபிஷர், கன்னிசாரோ என்று அந்தத் தலைமுறையின் பெரும்பெயர்கள் பலவும் அங்கே இருந்தன. அவர்களுடைய முதல் அக்கறை, ஒரு சேர்மத்தை அகராதியிலோ சொல்லடைவிலோ தேடுபவர் ஒரே தலைப்பின் கீழ் அதைக் கண்டுபிடிக்க வேண்டும் என்பது. ஆய்வகப் பேச்சில் யார் எப்படி அழைத்தாலும் அதில் அவர்கள் தலையிடவில்லை. அச்சில் தேடுவதற்கென்று ஓர் அதிகாரப்பூர்வப் பெயர் வேண்டும். இன்றைய விதிகள் பலவற்றின் குணம் இந்தத் தேவையிலிருந்து பிறந்தது.

கிளைவிட்ட மூலக்கூறுக்கு அவர்கள் கண்ட வழி, மிக நீண்ட சங்கிலியைத் தாய்ச்சங்கிலியாக வைத்து, மற்றவற்றை அதில் ஒட்டிய பதிலிகளாகக் கருதுவது. மாணவர்கள் இங்கேதான் முதலில் சறுக்குகிறார்கள். தாளில் நான்கு கார்பனை நேர்க்கோட்டில் எழுதி, இரண்டாவதன் மேல் இரு கார்பன் கொண்ட எத்தில் தொகுதியை நிமிர்த்தி வைத்தால், கண்ணுக்கு அது 2-எத்தில்பியூட்டேன். ஆனால் அந்த எத்தில் முனையில் தொடங்கிக் கீழே இறங்கி வலப்பக்கம் திரும்பினால் ஐந்து கார்பன் கிடைக்கிறது. சரியான பெயர் 3-மெத்தில்பென்டேன். தாளில் நேராக இருப்பதும் வளைந்திருப்பதும் வரைந்தவரின் கை செய்த வேலை. மூலக்கூறு தன் ஒற்றைப் பிணைப்புகளைச் சுற்றி எப்போதும் சுழன்றுகொண்டிருக்கிறது. 2-எத்தில் என்று தொடங்கும் எந்த அல்கேன் பெயரைக் கண்டாலும் அது தவறு என்று உடனே சொல்லிவிடலாம். இரண்டாம் கார்பனில் எத்தில் இருந்தால், அதன் வழியே போகும் சங்கிலி எப்போதும் ஒரு கார்பன் நீளம்.

சம நீளத்தில் இரண்டு சங்கிலிகள் கிடைத்தால் அதிகக் கிளைகள் உள்ளதைத் தேர்கிறோம். 3-எத்தில்-2-மெத்தில்பென்டேனை வேறு வழியில் படித்தால், பென்டேனின் மூன்றாம் கார்பனில் ஐசோபுரொப்பைல் என்ற ஒரே பதிலி இருப்பதாகச் சொல்லலாம். இரண்டும் அதே மூலக்கூறு. முதல் வாசிப்பில் இரண்டு எளிய கிளைகள். இரண்டாவதில் கிளைக்குள் கிளை. விதி முதலாவதன் பக்கம் நிற்கிறது. அதிகக் கிளைகளாக உடைத்தால் ஒவ்வொன்றும் எளிதாகிறது, அடைப்புக்குறிகள் குறைகின்றன.

அடுத்தது எண்ணிடுதல். நம் மாணவர்களுக்குப் பெருந்தீங்கு செய்யும் ஒரு பழக்கம் இங்கே நுழைந்திருக்கிறது. கிளைகளின் இட எண்களைக் கூட்டிப் பார், எந்த முனையிலிருந்து எண்ணினால் கூட்டுத்தொகை குறைவோ அதுவே சரி என்று பல வழிகாட்டி நூல்களும் தனிப்பயிற்சி வகுப்புகளும் சொல்லித்தருகின்றன. குறைந்த கூட்டுத்தொகை விதி என்று அதற்குப் பெயரும் இருக்கிறது. பன்னாட்டு அமைப்பான ஐ.யூ.பி.ஏ.சி.யின் விதி அதுவன்று. இரு முனைகளிலிருந்தும் எண்ணி, கிடைக்கும் இரு வரிசைகளையும் ஏறுமுகமாக எழுதி, இடமிருந்து வலமாக ஒவ்வோர் எண்ணாக ஒப்பிட வேண்டும். முதலில் எங்கே வேறுபடுகின்றனவோ அங்கே எது சிறியதோ அந்த வரிசையே வெல்லும். அதற்குப் பின்னால் வரும் எண்கள் எவ்வளவு பெரியவையாக இருந்தாலும் பொருட்டில்லை.

பத்துக் கார்பன் சங்கிலி ஒன்றில் மூன்று மெத்தில்கள். ஒரு முனையிலிருந்து எண்ணினால் 2, 7, 8. மறுமுனையிலிருந்து 3, 4, 9. கூட்டினால் முதலாவது 17, இரண்டாவது 16. கூட்டுத்தொகைக்காரர் 3,4,9 என்பார். சரியான பெயர் 2,7,8-டிரைமெத்தில்டெக்கேன். முதல் எண்ணிலேயே 2, 3-ஐ வென்றுவிட்டது. இது விதி நூல்களில் நெடுங்காலமாக வரும் எடுத்துக்காட்டு.

அதோடு நிறுத்தினால், ஏன் கூட்டக்கூடாது என்ற கேள்விக்கு விடை கிடைக்காது. அதே சங்கிலியில் நான்கு மெத்தில்களை வேறு இடங்களில் வைத்துப் பார்ப்போம். ஒரு முனையிலிருந்து 2, 5, 7, 8. மறுமுனையிலிருந்து ஒவ்வோர் எண்ணையும் பதினொன்றிலிருந்து கழிக்க, 3, 4, 6, 9. இரண்டையும் கூட்டினால் 22, 22. கூட்டுத்தொகை விதி இங்கே வாயடைத்துப்போகிறது. முதல் வேறுபாட்டு விதியோ தடுமாறாமல் 2,5,7,8 என்கிறது. இரு வரிசைகள் முற்றும் ஒன்றாக இருந்தாலொழிய அது ஒருபோதும் சமன் அடையாது. ஒன்றாகவே இருந்தால் எந்த முனையிலிருந்து தொடங்கினாலும் எண்கள் மாறப்போவதில்லை. அகராதியில் இரு சொற்களை எப்படி வரிசைப்படுத்துகிறோமோ அதே முறை. சொல்லடைவுக்காகப் பிறந்த பெயரிடல் முறை அகராதியின் தர்க்கத்தைக் கைக்கொண்டதில் வியப்பில்லை. ஒரு மாணவர் 2,5,7,8 கணக்கை ஒருமுறை தானே போட்டுப் பார்த்துவிட்டால் பிறகு எண்களைக் கூட்டமாட்டார்.

பதிலிகளின் வரிசையும் மாறிவந்த உடன்பாடுதான். 1979 பதிப்புவரை எளியதிலிருந்து சிக்கலானதற்குப் போகும் வரிசைக்கும் இடம் இருந்தது. பழைய நூல்களில் மெத்திலுக்குப் பின் எத்தில் வருவதைக் காணலாம். இன்று உரோம அகரவரிசை மட்டுமே. டை, டிரை போன்ற எண்ணுப்பெயர்கள் வரிசைக்குக் கணக்கில்லை. ஏழு கார்பன் சங்கிலியில் ஒரு பக்கம் எத்தில், மறுபக்கம் மெத்தில் என்று 3, 5 ஆகிய இடங்களில் சமமாக நின்றால், அகரவரிசையில் முந்தும் எத்திலுக்குச் சிறிய எண்: 3-எத்தில்-5-மெத்தில்ஹெப்டேன். நாம் தமிழில் எழுதும்போதும் உரோம வரிசையையே பின்பற்றுகிறோம். ஒன்பது கார்பன் சங்கிலியில் மெத்திலும் புரொப்பைலும் இப்படிச் சமமாக நின்றால் பெயர் 4-மெத்தில்-6-புரொப்பைல்நோனேன். தமிழ் அகரவரிசையில் பகரம் மகரத்துக்கு முந்தியது. அதை வைத்து வரிசைப்படுத்தினால் எண்களே இடம் மாறியிருக்கும். மூலக்கூறின் எண்கள்கூட எந்த நெடுங்கணக்கைக் கையில் வைத்திருக்கிறோம் என்பதைப் பொறுத்தவை.

இத்தனை செயற்கையான முறை மூலக்கூறைப் பற்றி உண்மையாக ஏதேனும் சொல்லுமா? சொல்கிறது, எண்களைப் படிக்கத் தெரிந்தால். சரும எண்ணெய்ப் புட்டிகளில் ஸ்குவாலேன் என்ற பெயரை இப்போது அடிக்கடி காணலாம். டோக்கியோவில் மிட்சுமாரு சுஜிமோட்டோ 1916-இல் சுறா ஈரல் எண்ணெயிலிருந்து பெற்று ஸ்குவாலீன் என்று பெயரிட்ட பொருளுக்கு ஹைட்ரஜன் ஏற்றினால் கிடைப்பது இது. ஆலிவிலிருந்தும் கரும்புச் சர்க்கரை வழியாகவும்கூட இன்று இதைத் தயாரிக்கிறார்கள். இதன் முறையான பெயர் 2,6,10,15,19,23-ஹெக்சாமெத்தில்டெட்ராகோசேன். 24 கார்பன் சங்கிலி, ஆறு மெத்தில்கள், மொத்தம் 30 கார்பன்.

இட எண்களுக்கு நடுவே உள்ள இடைவெளிகளைக் கழித்துப் பார்த்தால் 4, 4, 5, 4, 4. உயிரிகள் இத்தகைய எண்ணெய்களை ஐந்து கார்பன் கொண்ட ஐசோப்ரீன் அலகுகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்துக் கட்டுகின்றன. ஒவ்வோர் அலகிலும் நான்கு கார்பன் சங்கிலிக்குள் போக, ஐந்தாவது மெத்தில் கிளையாக வெளியே நிற்கிறது. அதனால் நான்குக்கு ஒரு கிளை. நடுவில் மட்டும் ஐந்து வருவதற்குக் காரணம், செல் இந்த மூலக்கூறை ஒரே இழையாக நூற்கவில்லை. பதினைந்து கார்பன் கொண்ட இரண்டு பாதிகளைத் தனித்தனியே செய்து, ஒன்றைத் திருப்பிப் பிடித்து, ஒரே வகை முனைகள் சந்திக்குமாறு இணைக்கிறது. ஒவ்வொரு பாதியிலும் இணைப்பு முனையிலிருந்து மூன்றாவது கார்பனில் முதல் மெத்தில் இருக்கிறது. இந்தப் பக்கத்து மூன்றாவதிலிருந்து அந்தப் பக்கத்து மூன்றாவதுக்குப் போக ஐந்து பிணைப்புகளைக் கடக்க வேண்டும். உயிர்வேதியியலாளர்கள் பல ஆண்டுகள் உழைத்துத் தெளிவாக்கிய அந்த இணைப்பின் தடம் பெயரின் 10-க்கும் 15-க்கும் நடுவே பதிந்திருக்கிறது.

பெட்ரோலியப் புவியியலாளர்களுக்கு இந்த வாசிப்பு அன்றாடத் தொழில். கச்சா எண்ணெயில் பிரிஸ்டேன், ஃபைட்டேன் என்ற இரண்டு கிளை அல்கேன்களைத் தேடுவார்கள். முதலாவது 2,6,10,14-டெட்ராமெத்தில்பென்டாடெக்கேன், அடுத்தது 2,6,10,14-டெட்ராமெத்தில்ஹெக்சாடெக்கேன். ஒரே கிளை வரிசை. தாய்ச்சங்கிலியில் ஒரு கார்பன்தான் வேறுபாடு. இரண்டுக்கும் முக்கிய மூலம் பச்சையத்தின் வால்பகுதியான ஃபைட்டால். பழங்கடலடியில் படிந்த பாசியின் ஃபைட்டால் ஆக்சிஜன் கிடைக்கும் சேற்றில் அமிலமாகி, ஒரு கார்பனை இழந்து பிரிஸ்டேனாக முடிகிறது. ஆக்சிஜன் இல்லாத சேற்றில் இருபது கார்பனும் தங்கி ஃபைட்டேன் ஆகிறது. எனவே இரண்டின் விகிதம் பல கோடி ஆண்டுகளுக்கு முந்தைய கடலடியின் நிலைக்குத் துப்புக் கொடுக்கிறது. வேறு மூலங்களும் கலந்திருக்கக்கூடும் என்பதால், இந்த ஒரு விகிதத்தை மட்டும் வைத்து அவர்கள் முடிவு கட்டுவதில்லை.

நான் முன்பு சொன்ன விலை இந்த இடத்தில்தான் கண்ணில் படுகிறது. ஃபைட்டேனின் எண்கள் 2, 6, 10, 14. அதன் தாயான ஃபைட்டாலின் பெயரிலோ மெத்தில்கள் 3, 7, 11, 15 ஆகிய இடங்களில் இருக்கின்றன. எலும்புக்கூடு மாறவில்லை. ஆல்கஹால் தொகுதி உள்ள முனைக்கு எண் 1 தர வேண்டும் என்பது இன்னொரு விதி. அந்தத் தொகுதி இருக்கும்வரை ஒரு முனையிலிருந்தும், அது போனபின் மறுமுனையிலிருந்தும் எண்ணுகிறோம். தாயும் பிள்ளையும் பெயரளவில் உறவே இல்லாதவர்கள்போல் தெரிகிறார்கள். வேதியியலாளர்கள் ஆய்வகத்தில் ஃபைட்டால், ஃபைட்டேன் என்ற பழக்கப்பெயர்களை விடாமல் வைத்திருப்பதற்கு இது நல்ல காரணம். முறைப்பெயர் வந்ததால் பழக்கப்பெயர் ஒழிய வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. வரைந்து காட்டும் வேலை ஒன்றுடையது, உறவைச் சொல்லும் வேலை மற்றதுடையது.

கிளை அல்கேன்கள் மொத்தம் எத்தனை என்ற கேள்வி கணிதத்தையும் இழுத்துக்கொண்டது. ஆர்தர் கெய்லி என்ற ஆங்கிலக் கணிதவியலாளர் 1870களில் கார்பன் இணைப்புகளைக் கிளைவிடும் மரங்களாகப் பாவித்து எண்ணினார். பதின்மூன்று கார்பன்வரை அட்டவணை தந்தார். அதில் பன்னிரண்டுக்கும் பதின்மூன்றுக்கும் தந்த எண்கள் பிழை. பன்னிரண்டுக்கு 357 என்றார், சரியானது 355. பதின்மூன்றுக்கு 799 என்றார், சரியானது 802. கெய்லி போன்ற ஒருவரின் கைக்கணக்கே அங்கே தவறுகிறது என்றால், ஒரே வடிவத்தை இரண்டாக எண்ணாமலும் ஒன்றை விட்டுவிடாமலும் இருப்பது எவ்வளவு கடினம் என்று தெரிகிறது. ஒரே பெயருக்கு வந்துசேர்வதில் உள்ள கடினமும் அதேதான். 1931-இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஹென்சியும் பிளேரும் நம்பத்தகுந்த கணக்கிடும் முறையைத் தந்தார்கள். இருபது கார்பனுக்கு 3,66,319 மாற்றியங்கள். முப்பதுக்கு 411 கோடிக்கு மேல். நாற்பதுக்கு 62 லட்சம் கோடிக்கு மேல். ஜெனீவாவின் முறை, இன்றைய திருத்தங்களோடு, இவை ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்திருக்கிறது.

அவற்றில் சில உலகில் இருக்கவே முடியாமல் போகலாம். ஒரு கார்பனைச் சுற்றி நான்கு மூன்றாம்நிலைப் பியூட்டைல் தொகுதிகளை வைத்தால் பதினேழு கார்பன் கொண்ட ஓர் அல்கேன் தாளில் கிடைக்கிறது. தாய்ச்சங்கிலி வெறும் பென்டேன். இரண்டிலும் நான்கிலும் இவ்விரண்டு மெத்தில்கள், மூன்றில் இரண்டு பியூட்டைல் தொகுதிகள். பெயரிட ஒரு நிமிடம் போதும். தயாரிக்க யாராலும் முடியவில்லை. நடுக் கார்பனைச் சுற்றி அத்தனை அணுக்களுக்கு இடமே இல்லை. நளின் டி சில்வாவும் ஜொனாதன் குட்மனும் 2005-இல் வெளியிட்ட கணினி ஆய்வு, நெரிசலால் உருவாக்க முடியாமல் போகும் அல்கேன்கள் பதினாறு, பதினேழு கார்பன் அளவிலேயே தொடங்கிவிடும் என்று கணித்தது.

பெயரிடலில் இன்னொரு குறை ஏழு கார்பனில் வெளிப்படுகிறது. ஹெப்டேனுக்கு ஒன்பது மாற்றியங்கள் என்றோம். அவற்றில் 3-மெத்தில்ஹெக்சேனிலும் 2,3-டைமெத்தில்பென்டேனிலும் மூன்றாம் கார்பனில் நான்கு வெவ்வேறு தொகுதிகள் இருப்பதால், இடக்கையும் வலக்கையும்போல ஒன்றின்மேல் ஒன்று பொருந்தாத இரு வடிவங்கள் உண்டாகின்றன. ஒன்பது பதினொன்றாகிறது, இட எண்கள் இரண்டுக்கும் ஒன்றே. கான், இங்கோல்டு, பிரிலாக் மூவரும் 1966-இல் விரிவாக்கி வெளியிட்ட முறைப்படி, மையக் கார்பனின் நான்கு தொகுதிகளையும் தரவரிசைப்படுத்தி, அவை சுற்றும் திசையைப் பார்த்து ஆர் அல்லது எஸ் என்று பெயரின் முன்னே சேர்க்கிறோம். 3-மெத்தில்ஹெக்சேனில் ஹைட்ரஜன் கடைசி, அதற்கு மேல் மெத்தில். எத்திலையும் புரொப்பைலையும் பிரிக்க வேண்டும். மையத்தை ஒட்டிய கார்பனில் இரண்டுக்கும் ஒரு கார்பன், இரண்டு ஹைட்ரஜன், சமம். ஓர் அடி வெளியே போனால் எத்திலின் கார்பனில் மூன்றும் ஹைட்ரஜன், புரொப்பைலின் கார்பனில் ஒரு கார்பன், இரண்டு ஹைட்ரஜன். அங்கே புரொப்பைல் முந்துகிறது. யாரும் அணு எண்களைக் கூட்டிப் பார்ப்பதில்லை. இங்கும் முதலில் வேறுபடும் இடமே முடிவு செய்கிறது.